பூவும் கொட்டையும்: மகுவா மரத்தின் சொல்வரலாறும் பழங்குடி வாழ்வும்

இந்தி, வங்காளம், ஒடியா முதலிய மொழிகளிலிருந்து தமிழுக்கு வரும் கதைகளிலும் ஆய்வு நூல்களிலும் ‘மகுவா’ வருமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் ‘இலுப்பை’ என்று எழுதி மேலே சென்றுவிடுகிறார். தாவரவியல் நோக்கில் இதைப் பிழை எனக் கூற இயலாது. தென்னிந்தியாவில் வளரும் குறுகிய இலை இலுப்பையும், நருமதை முதல் சோட்டாநாக்பூர் வரை பரவியுள்ள அகன்ற இலை மகுவாவும் இன்று மதூகா லாங்கிஃபோலியா என்ற ஒரே இனத்தின் இரு வகைகளாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றன. ஆயினும், இலுப்பை என்றவுடன் தமிழ் வாசகரின் நினைவில் எழுவது கோயில் விளக்கும் அதற்கு வார்க்கும் எண்ணெயும் ஆகும். மகுவா என்றவுடன் கோண்டு, சந்தால், முண்டா, ஓராவ், பில் மக்களின் நினைவில் எழுவது விடியற்காலையில் மரத்தடி நிறைய உதிர்ந்து கிடக்கும் பூவாகும். ஒரு சொல் கொட்டையை நோக்கியும் மற்றொரு சொல் பூவை நோக்கியும் நிற்கின்றன. பூ உணவா, போதைப்பொருளின் மூலமா என்ற வினாவின் மீது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டங்கள் இயற்றப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளமையால், இவ்வேறுபாடு அகராதிக்குள் அடங்கிவிடும் சிறு செய்தியன்று. மரத்தின் பெயர்கள், பயன்கள், அவற்றின் மீதான அரசின் தலையீடு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பெயர்கள்

இம்மரத்திற்குத் திராவிட மொழிகளில் ஒரே வேரிலிருந்து கிளைத்த பெயர் உண்டு. தமிழில் இருப்பை, இலுப்பை, மலையாளத்தில் இருப்ப, இலுப்ப, கன்னடத்தில் இப்பெ, ஹிப்பெ, தெலுங்கில் இப்ப, கூவி மொழியில் இர்ப்பி, கோண்டியில் இருப், வட்டாரத்திற்கேற்ப இர்ப்பு. தமிழில் இன்று வழங்கும் இலுப்பையைவிடச் சங்க இலக்கியத்தில் காணப்படும் இருப்பை என்ற வடிவமே கோண்டிக்கு நெருக்கமானது என்பது நோக்கத்தக்கது. ரகரம் லகரமானது தமிழிலும் மலையாளத்திலும் பின்னர் நிகழ்ந்த மாற்றம் எனலாம். அகநானூற்றுப் பாலைத்திணைப் பாடல்கள் பலவற்றில் இம்மரம் வருகிறது. உதிர்ந்த பூவைக் கரடி உண்ணும் காட்சியும் வருகிறது. மத்திய இந்தியக் காடுகளில் பூப் பொறுக்கச் செல்வோர் இன்றும் அஞ்சுவது கரடிக்குத்தான். ஆக, சங்கப் பாடல்களின் இருப்பை, பிற்காலத் தமிழரின் இலுப்பையைவிடக் கோண்டியரின் இருப்புக்குச் சொல்லாலும் காட்சியாலும் அணுக்கமாக நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் கோண்டியைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டுள்ளனர். அவர்களது வழக்கை அறியாமல் சங்க இருப்பைக்கு உரை எழுதுவது பாதி வழியில் நிற்பதாகும்.

இந்தோ-ஆரிய மொழிகளில் மூலம் வேறு. சமஸ்கிருத மதூக என்பதிலிருந்து பிராகிருத வழியாக இந்தி மகுவா, மராத்தி மோஹ, ஒடியா மஹுல, குஜராத்தி மஹுடோ ஆகியன வந்தன. மதூக என்பது இனிமையையும் தேனையும் குறிக்கும் மது என்ற சொல்லோடு இயல்பாகவே சேர்த்து எண்ணப்படுகிறது. ஆனால் முண்டா மொழிக் குடும்பத்தைப் பார்க்கும்போது சிக்கல் எழுகிறது. சந்தாலியில் மாத்கோம், முண்டாரியில் மதுகம், ஹோ மொழியில் மத்கம் என்ற வடிவங்கள் வழங்குகின்றன. இவை மதூக என்பதிலிருந்து பெற்ற கடன்களா, அல்லது காட்டில் வாழ்ந்த மக்களின் சொல்லைச் சமஸ்கிருதம் ஏற்று, மது என்ற தன் சொல்லின் சாயலில் திருத்திக்கொண்டதா என்ற வினாவுக்கு ஒலி ஒற்றுமை மட்டும் விடை தராது. மரம் காட்டு மக்களின் வாழ்வில் பெறும் இடத்தை நோக்க, இரண்டாவது வழியை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது. திராவிட மொழியாகிய குறுக்கில் (ஓராவ் மக்களின் மொழி) இருப்பையின் இனச்சொல்லுக்கு மாறாக மத்கி என்ற சொல் வழங்குவதும் கருதத்தக்கது. சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில் அண்டை மொழிகளின் சொல்லை அம்மக்கள் மேற்கொண்டனர் என்று இதனை விளக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் தடுமாறக்கூடிய மற்றோர் இடம் உண்டு. சமஸ்கிருதத்தில் நெடிலோடு வரும் மதூக இம்மரத்தைக் குறிக்கும். குறிலோடு வரும் மதுக பெரும்பாலும் அதிமதுரத்தைக் குறிக்கும். தமிழில் மதுகம் என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் ஆளப்பட்டுள்ளது. மருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் ஓர் உயிரெழுத்தின் நீளத்தைக் கவனியாமல் விட்டால் வேருக்குப் பதிலாகப் பூவை மருந்தில் சேர்த்துவிட நேரும்.

ஆங்கிலேயர் எழுத்தில் இச்சொல் பட்ட பாடு தனிக்கதை. மஹ்வா, மொஹ்வா, மௌவா, மௌரா எனப் பலவாறு எழுதினர். 1788-இல் வெளிவந்த ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியிலேயே சார்லஸ் ஹாமில்டன் என்ற படை அலுவலர் இம்மரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியுள்ளார். பின்னர் ராக்ஸ்பர்க் இட்ட பாசியா லாட்டிஃபோலியா என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. பாசியா என்பது பொலோஞா நகரத்துத் தாவரவியலார் ஒருவரின் நினைவாக இடப்பட்டது. இன்று அப்பெயர் நீங்கி, மதூகா என்ற இந்தியச் சொல்லே பேரினப் பெயராக நிலைபெற்றுள்ளது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் இதற்குத் தனிப்பதிவு உண்டு.

உதிர்வதும் பொறுக்குவதும்

மாசி மாதத்தில் இலையுதிர்த்து நிற்கும் மரம், பங்குனி, சித்திரையில் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. உண்ணப்படுவது பூவின் அல்லிவட்டம். வெளிர் மஞ்சள் நிறத்தில் சதைப்பற்றோடும் சாற்றோடும் இருக்கும் இது இரவின் பிற்பகுதியில் தொடங்கி விடியல் வரை தானே உதிர்கிறது. பெண்களும் குழந்தைகளும் இருள் பிரியும் முன்னரே கூடையோடு மரத்தடிக்குச் செல்கின்றனர். வெயில் ஏறினால் பூ வாடும். மாடும் மானும் கரடியும் பங்கு கேட்கும். சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் இப்பருவத்தில் குடும்பம் முழுவதும் மரத்தடியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

இச்செயலுக்குரிய வினைச்சொற்களை நோக்குதல் வேண்டும். இந்தியில் மகுவாவைப் பறிப்பதாக எவரும் கூறார். ‘பீன்னா’ என்ற வினையே வழங்கும். தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குதல் என்பது அதன் பொருள். பூ விழுவதைக் குறிக்க ‘டபக்னா’ என்ற வினை வரும்; நீர் சொட்டுவதற்கும் அதே சொல். போஜ்புரியில் ‘சூனா’ என்பர். அதுவும் கசிதல், சொட்டுதல் என்ற பொருளுடையது. கனத்த பூ, ஒன்றன்பின் ஒன்றாக, துளி விழுவது போல் ஒலியெழுப்பி விழும் காட்சியும் ஓசையும் இவ்வினைகளில் அடங்கியுள்ளன. தமிழாக்கங்களில் ‘இலுப்பைப்பூப் பறிக்கும் பெண்கள்’ என்ற தொடரைக் காண நேர்கிறது. பூப்பறித்தல் தமிழில் மாலைக்கும் கூந்தலுக்கும் உரிய செயல். உணவுக்காக இருட்டில் குனிந்து பொறுக்கும் உழைப்பு அத்தொடரில் மறைந்துபோகிறது.

பொறுக்கிய பூவைத் தளத்தில் பரப்பி உலர்த்துகின்றனர். ஈரம் போகப்போக அது சுருங்கிச் செம்பழுப்பு நிறமடைந்து உலர்திராட்சையை ஒத்துவிடும். உலர்ந்த பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைச் சத்து என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும். தானியம் தீர்ந்து புதுவிளைச்சல் வராத ஆடி, ஆவணி மாதங்களில் இப்பூ அடுப்பேறும். வேகவைத்தும், வறுத்து இடித்தும், புளியங்கொட்டையோடும் குங்கிலிய மரமாகிய சாலின் விதையோடும் சேர்த்துச் சமைத்தும் உண்பர். சார்க்கண்டுப் பகுதியில் வறுத்த பூவை எள்ளோடும் மக்காச்சோளத்தோடும் இடித்து உருட்டுவதை லட்டா என்பர். கால்நடைக்கும் கொடுப்பர், கடையில் உப்புக்கும் துணிக்கும் மாற்றுவர். பஞ்சக் காலங்களில் மத்திய இந்தியாவின் காட்டுப் பகுதிகளில் உயிர் தாங்கிய பொருள்களுள் மகுவாப்பூ முதன்மையானது என்பதை ஆட்சியாளரின் குறிப்புகளே ஒப்புக்கொண்டன.

பஸ்தார் பகுதியில் இர்ப்பு பண்டும் என்ற விழா நிகழும்வரை புதுப்பூவைக் கொள்ளுதல் தகாது என்பது மரபு. பண்டும் என்பது தெலுங்குப் பண்டுக, தமிழ்ப் பண்டிகை ஆகியவற்றோடு ஒப்பிடத்தக்க சொல். மாங்காய், அவரை போன்ற ஒவ்வொரு புதுவிளைவுக்கும் இத்தகைய பண்டும் உண்டு. பூ அவ்வரிசையில் நிற்பதே அது உணவாகக் கருதப்படுவதற்குச் சான்று. சோட்டாநாக்பூர்க் குர்மி மக்களிடையே திருமணத்திற்கு முன் மணமகனை மாமரத்தோடும் மணமகளை மகுவா மரத்தோடும் இணைக்கும் சடங்கு இருந்தமையை 19-ஆம் நூற்றாண்டு இனவரைவாளர் பதிவு செய்துள்ளனர்.

மரத்தின் மீதான உரிமையும் தனித்தன்மை வாய்ந்தது. நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மகுவா மற்றொரு குடும்பத்தினுடையதாகவும் இருத்தல் கூடும். தந்தையிடமிருந்து மகனுக்கு நிலம் இறங்குவது போலவே மரமும் இறங்கும். காட்டைத் திருத்தி வயலாக்கும்போதும் மகுவாவை வெட்டாமல் விடுவர். வயல் நடுவே தனித்து நிற்கும் பெருமரம் பெரும்பாலும் இதுவே. ஆங்கில ஆட்சியின் காட்டுச் சட்டங்களில் நிலவுடைமை, அரசுக்காடு என்ற இரு கருத்துகளுக்கு இடமிருந்தது, மரவுடைமைக்கு இருக்கவில்லை. இவ்வழக்கைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல் இன்மையால், பதிவேடுகளில் உடைமை என்பது ‘சலுகை’ என்று எழுதப்பட்டது.

கொட்டை

ஆனி, ஆடியில் காய் பழுக்கும். சதையை உண்பர், உள்ளிருக்கும் கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்து எண்ணெய் ஆட்டுவர். குளிர்காலத்தில் இவ்வெண்ணெய் நெய் போல் உறைந்துவிடும். சமையலுக்கும், விளக்குக்கும், உடலில் பூசுவதற்கும் பயன்படும். பிண்ணாக்கு மீன்பிடிக்கக் குளத்து நீரில் கலக்கும் நஞ்சாகும்.

மொழி நோக்கில் இங்கே ஒரு சிறப்பு உண்டு. மரத்திற்கும் பூவுக்கும் பல மொழிகளில் ஒரே பெயர். கொட்டைக்கோ முற்றிலும் வேறு பெயர். இந்தி வட்டாரங்களில் குல்லி, டோரி, ஹல்பியில் டோரா, ஒடியாவில் டோல, குஜராத்தியில் டோளி, சந்தாலியில் குயிண்டி. தமிழில் இலுப்பைப்பூ, இலுப்பைக்கொட்டை, இலுப்பெண்ணெய், இலுப்பைப் பிண்ணாக்கு என்று மரப்பெயரே முன்னொட்டாக நின்று எல்லாவற்றையும் தாங்குகிறது. இதனால் ‘டோரி விற்றுத் துணி வாங்கினாள்’ என்ற தொடரைக் கண்ட மொழிபெயர்ப்பாளர், அது மகுவாவின் பகுதியே என்றறியாமல் ஏதோ ஒரு கிழங்கு அல்லது தானியம் எனக் கொள்ள வாய்ப்புண்டு. பயன்பாடு மிகுந்த பொருளின் பகுதிகள் தனிப்பெயர் பெறுவது பொது இயல்பு. தமிழர் நெல், அரிசி, சோறு எனப் பிரித்தறிவதும் அத்தகையதே.

தமிழ் வழக்கில் இலுப்பை கொட்டையின் பக்கமே சாய்ந்துவிட்டது. கோயில்களுக்கு இலுப்பைத் தோப்புகள் விடப்பட்டன. விளக்கெரிக்க எண்ணெய் வந்தது. தலைக்குத் தேய்த்துக் குளிக்கப் பிண்ணாக்குக் கட்டி பயன்பட்டது. மயிலாடுதுறை அருகிலுள்ள இலுப்பைப்பட்டு இம்மரத்தால் பெயர் பெற்ற ஊர். பூவைப் பற்றிப் பேச்சில் நிலைத்திருப்பது ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்ற பழமொழி ஒன்றே. அப்பழமொழி பூவின் இனிமையை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் கரும்பு ஆலை உள்ள ஊரின் மேட்டிலிருந்து அதைப் பேசுகிறது. ஆலை என்றுமே இல்லாத ஊர்களில் அப்பூ எதற்கும் மாற்றாக வந்ததன்று.

கள்ளும் சாராயமும்

பூவைப் பானையில் நீரோடு ஊறவைத்துப் புளிக்கச் செய்து, மண்பானையும் குழாயும் கொண்டு காய்ச்சி வடிப்பது மத்திய இந்தியா முழுவதும் அறியப்பட்ட முறை. இச்சாராயம் இன்றி மூதாதையர் வழிபாடு இல்லை. பெண் கேட்டுச் செல்வது இல்லை. பிறப்பு, இறப்புச் சடங்குகள் நிறைவதில்லை. குடிப்பதற்கு முன் சில துளிகளைத் தரையில் முன்னோர்க்கு விடுவர். கோண்டு மக்களிடையே வழங்கும் ஒரு கதையில், மரப்பொந்தில் தேங்கிய மழைநீரில் பூ உதிர்ந்து புளித்துக் கிடந்தது. அதைப் பருகிய பறவைகள் தலையாட்டி ஆடியதைக் கண்டே மனிதன் அதைச் சுவைத்தான். மது தோன்றிய கதைகள் பலவற்றை வெரியர் எல்வின் 1949-இல் வெளியிட்ட மத்திய இந்தியத் தொன்மக் கதைத் தொகுதியில் சேர்த்துள்ளார்.

பெயர்களுக்கு வருவோம். கோண்டியில் மதுவுக்குக் கல் என்றும், குயி மொழியில் கலு என்றும் பெயர். தமிழ்க் கள், தெலுங்குக் கல்லு ஆகியவற்றின் இனச்சொற்கள் இவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழில் கள் பனை, தென்னையிலிருந்து இறக்கிய, காய்ச்சாத பானம். கோண்டியின் கல் பெரும்பாலும் காய்ச்சி வடித்த மகுவாச் சாராயம். இனச்சொல் என்பதற்காக அதையே இட்டு மொழிபெயர்த்தால் பொருள் தவறும். அதேபோல் பஸ்தாரில் ஹல்பி பேசுவோர் மகுவாச் சாராயத்தை மந்த் என்றும், அரிசியில் புளிக்கவைத்ததை லாந்தா என்றும், கூந்தற்பனையிலிருந்து இறக்குவதைச் சல்பி என்றும் பிரித்தறிவர். மூன்றையும் ‘கள்’ என்றோ மூன்றையும் ‘சாராயம்’ என்றோ எழுதிவிடும் தமிழாக்கத்தில், எந்த நாளில் எந்தப் பானம் என்ற சமூக இலக்கணமே அழிந்துவிடுகிறது.

முண்டாரியில் அரிசி மதுவுக்கு இலி என்ற சொந்தச் சொல் உண்டு. வடித்த சாராயத்திற்கு அர்க்கி என்பர். பின்னது அரபு மொழி அரக் என்பதன் வழிவந்தது. இதைக் கொண்டு, புளிக்கவைத்தல் பழமை, வடித்தல் பிற்கால வரவு என்று சிலர் முடிவுகட்டக்கூடும். சொல் கடன் என்பதால் பொருளும் கடன் என்று கொள்வது அவசர முடிபு. சந்தையில் விலைபோகும் பொருளுக்குச் சந்தை மொழியின் பெயர் ஒட்டிக்கொள்வதும் உண்டு. முண்டாரியிலேயே மற்றொரு வலையும் உள்ளது. அம்மொழியில் தாரு என்றால் மரம். இந்தியில் தாரூ என்றால் மது. பாரசீகத்தில் மருந்து என்று பொருள்பட்ட சொல் அது. ஆகவே முண்டாரிப் பாட்டில் ‘மதுகம் தாரு’ என்று வருமானால் அது மகுவா மரம். இந்தி வழியே தமிழாக்கும் ஒருவர் மரத்தைச் சாராயமாக்கிவிடும் இடர் உண்டு.

தடைகளின் வரலாறு

பூவுக்கும் காய்க்கும் இடையே கோடு கிழித்த மிகப் பழைய விதி பௌத்த விநய நூலில் கிடைக்கிறது. மகாவக்கத்தின் மருந்து பற்றிய பகுதியில் பிக்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட எட்டுப் பானங்களுள் மதுகபானம் ஒன்று; உரையாசிரியர் அதனை மதுகக் கனியின் சாறு என்பர். அதே இடத்தில் எல்லாப் பூச்சாறுகளும் அனுமதிக்கப்பட்டு, மதுகப் பூவின் சாறு மட்டும் விலக்கப்படுகிறது. துறவியர்க்கு இடப்பட்ட இவ்விதி பிறர் அடுப்பைத் தொடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த விதி அடுப்பைத் தொட்டது.

1878-ஆம் ஆண்டு பம்பாய் ஆப்காரிச் சட்டம் வீட்டில் காய்ச்சுவதைக் குற்றமாக்கி, வடிப்பதையும் விற்பதையும் உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தது. வரி வருவாய் பெருகியது. தான் பொறுக்கிய பூவின் சாற்றைக் கடையில் விலைகொடுத்து வாங்கும் நிலை காட்டு மக்களுக்கு வந்தது. வீட்டு வடிப்பை ஒடுக்க இயலாமற்போகவே, அரசு பூவின் மீதே கைவைத்தது. 1892-ஆம் ஆண்டு மௌராச் சட்டம் பூவைச் சேர்ப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்தியது. இதனை ஒட்டி எழுந்த வாதத்தின் மையம் ஒரு பொருள்கோள் சிக்கல் எனலாம்: பூ ஏழையரின் உணவா, சாராயத்தின் மூலப்பொருளா? எதிர்த்தோர் உணவு என்றனர். அரசு தன் வருவாய்க் கணக்கின் கண்கொண்டு மூலப்பொருள் என்றது. தாணா மாவட்டத்து வார்லி, தாக்கூர், காட்கரி மக்களிடம் இவ்வினாவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் ‘இரண்டும்’ என்ற விடையே வந்திருக்கும்.

பஸ்தாரில் 1910-இல் எழுந்த பூம்கால் எழுச்சியின் காரணங்களுள் காட்டை அரசுக்காடாக ஒதுக்கியதோடும் கூலியில்லா உழைப்போடும் மதுக் கொள்கையும் ஒன்று. மறுபுறம், மதுவை மக்களே துறந்த இயக்கங்களும் உண்டு. 1914-இல் ஓராவ் மக்களிடையே தோன்றிய டானா பகத் இயக்கம் மதுவை விலக்கியது. 1922 நவம்பரில் தென் குஜராத்தில் சலாபாய் என்ற தேவியின் வாக்காகப் பரவிய கட்டளை, மதுவையும் கள்ளையும் விடுமாறு கூறியது. அவ்வட்டாரத்தில் மதுக்கடை உரிமையாளரே நிலவுடைமையாளராகவும் கடன் கொடுப்போராகவும் இருந்தமையால், மதுத் துறவு அவர்களது பிடியிலிருந்து விடுபடும் வழியாயிற்று என்று டேவிட் ஹார்டிமன் 1987-இல் வெளிவந்த நூலில் காட்டியுள்ளார். மது மறுப்பையும் மதுவுக்கான உரிமைக்குரலையும் ஒன்றுக்கொன்று முரணாகக் காண்பது வெளியாரின் பார்வை. இரண்டிலும் எதிர்க்கப்பட்டது கடைக்காரரின் கை.

விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டுப் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்திலும் மௌராப்பூ தனிப்பொருளாகக் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. ஆட்சி மாறியும் ஆங்கிலேயர் திரித்தெழுதிய ‘மௌரா’ என்ற எழுத்துவடிவம்கூட மாறவில்லை. 1996-ஆம் ஆண்டு அட்டவணைப் பகுதி ஊராட்சிச் சட்டம் சிறு வனப்பொருள்களின் உடைமையையும், போதைப்பொருள் விற்பனையையும் நுகர்வையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் கிராம சபைக்கும் உரிய ஊராட்சிகளுக்கும் தருமாறு கூறியது. மகுவாப்பூ இவ்விரண்டுள் எதில் சேரும் என்பதை அச்சட்டம் கூறவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளுக்குத் தந்த விளக்கத்தில் மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, பீடியிலை ஆகியன பெயரோடு வருகின்றன. மத்திய இந்தியக் காட்டின் தலையாய விளைபொருளாகிய மகுவா பெயரோடு வரவில்லை. ‘இவை போன்றன’ என்ற பொதுச்சொல்லுக்குள் அது அடங்க வேண்டியதாயிற்று. 2013-14-இல் தொடங்கிய குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தின் முதற்பட்டியலில் மகுவா விதை இடம்பெற்றது. பூ பின்னரே சேர்க்கப்பட்டது. விநய நூல் கிழித்த கோடு விலைப்பட்டியல் வரை தொடர்கிறது. 2021-இல் மகாராட்டிரம் பூவைச் சேகரிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் மத்தியப் பிரதேச அரசு மகுவாச் சாராயத்தை ‘மரபு மது’ என்ற பெயரில் விற்க வழிசெய்வதாக அறிவித்தது. ஒருகாலத்தில் கள்ளச்சாராயம் என்ற பெயரில் பானையோடு உடைக்கப்பட்டது இப்போது மரபு என்ற அடைமொழி பெற்றுள்ளது.

மொழிபெயர்ப்பில்

கோபிநாத் மொஹந்தி 1945-இல் எழுதிய ‘பரஜா’ என்ற ஒடியா நாவல் கோராபுட் மலைப்பகுதியைக் களமாகக் கொண்டது. காட்டில் மரம் வெட்டியதற்கான தண்டமும், சாராயம் காய்ச்சியதற்கான தண்டமும் ஒரு குடும்பத்தைக் கடனில் வீழ்த்தி, தந்தையையும் மக்களையும் கோத்தி என்னும் கொத்தடிமைகளாக்குகின்றன. இக்கதையைத் தமிழில் படிப்பவர் ‘கள்ளச்சாராயம் காய்ச்சினான்’ என்ற தொடரைக் கண்டால், அவரது மனம் தமிழ்நாட்டின் மதுவிலக்குக் கால நினைவுகளுக்குப் போகும். குற்றம் இயல்பாகத் தோன்றும், தண்டமும் இயல்பாகத் தோன்றும். ‘மகுவா வடித்தான்’ என்று படித்தால், வீட்டு முற்றத்தில் உலர்த்திய பூவிலிருந்து தெய்வத்துக்கு வேண்டியதை ஆக்கியவன் எவ்வாறு குற்றவாளியானான் என்ற வினா எழும். நாவலின் அடித்தளம் அவ்வினாவில்தான் உள்ளது.

எனவே, தமிழ் மூலங்களிலிருந்து பிறமொழிக்குச் செல்லும்போது இலுப்பை மகுவா ஆகலாம். சங்க இருப்பைக்கு அது பொருந்தவும் செய்யும். மத்திய இந்தியப் படைப்புகளைத் தமிழாக்கும்போது மகுவாவை மகுவா என்றே வைத்து, முதன்முறை வருமிடத்தில் இருப்பை இனத்து மரம் என்று தொடரிலேயே உணர்த்துதல் தக்கது. கோண்டி, கோயா, குயி, கூவி மொழிகளிலிருந்து நேரே தமிழாக்குவோர்க்கு மட்டும் வேறொரு வழி திறந்துள்ளது. அவர்கள் சங்கச் சொல்லாகிய இருப்பையையே மீட்டெடுக்கலாம்; விளக்கின் நினைவு ஒட்டாத சொல் அது, அன்றியும் மூலத்தின் இருப், இர்ப்பி ஆகியவற்றோடு உடன்பிறந்தது. தெலுங்கில் கோயா மக்களின் பாடல்களைப் பெயர்ப்போர்க்கு இத்தொல்லை இல்லை. இப்பப்பூ, இப்பசாரா என்ற சொற்கள் அம்மொழியில் இன்றும் காட்டின் மணத்தோடு வழங்குகின்றன.